நான்காம் கேள்விக்குப் பதில்

ஆராய்ச்சி நிதி கேட்டு வருகிற விண்ணப்பங்களில் பத்துக்கு எட்டு, "இன்றைய நவீன உலகில்" என்றுதான் தொடங்கும். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைய உலகில் இல்லாமல் வேறு எந்த உலகத்தில் போய் ஆராய்ச்சி செய்யப்போகிறார்கள்? நான் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் எழுத்தர். கையெழுத்து, முத்திரை, பக்க எண், இணைப்புகள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது மட்டும்தான் என் வேலை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது உன் தலைவலி இல்லை என்று சுற்றறிக்கையே வந்திருக்கிறது. ஆனால் இருபத்தாறு வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்தவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்த வரவில்லை. தேறாததைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, விண்ணப்பித்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். மாணவர்கள் எனக்குச் 'சிவப்பு மை' என்று பேர் வைத்திருக்கிறார்கள். முகத்துக்கு நேரே மட்டும் 'சார்'.

அந்தச் சிவப்பு மை ஒரு தடவை என் முகத்திலேயே தெறித்தது. அது சிஸ்டரால் நடந்தது.

சிஸ்டர் என்றால் நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பத்தொன்பது வருடம் ஆண்கள் வார்டில் வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருடம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். கூடப் படிக்கிற பிள்ளைகளெல்லாம் அவரைவிட இருபது வயது சின்னவர்கள். அவர்களும் சிஸ்டர் என்றே கூப்பிட்டதால் பிரிவு முழுக்க அதுவே பேராகிவிட்டது. வேலையில் இருந்துகொண்டே படிப்பவர்களுக்கு என்று ஒரே ஒரு உதவித்தொகைதான் உண்டு. அதற்கு நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். அவருக்கு நாற்பத்து நான்கு முடிந்து பத்து மாதம். போன வருடம் போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால் விடுப்பு முடிகிற அன்று வார்டுக்குத் திரும்ப வேண்டியதுதான், ஆராய்ச்சிக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். மூன்றாவது தடவை என்று ஒன்று கிடையாது.

கடைசித் தேதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது காலையில் வந்து என் மேஜையில் விண்ணப்பத்தை வைத்தார். புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தேதி, நேரம், சுருக்கொப்பம். தப்பாக எழுதிய சொற்களை அழிக்காமல், அடியில் இருப்பது தெரியும்படி ஒரே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"சிஸ்டர், இது கேஸ் ஷீட் இல்ல, விண்ணப்பம்."

"தெரியும் சார். கை பழகிப்போச்சு."

"இந்தப் பக்கத்தைக் காலைல பத்து நாப்பதுக்கு எழுதினீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு தேர்வுக் குழு என்ன பண்ணப்போகுது?"

"எழுதலைன்னா செய்யலைன்னு அர்த்தம், அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க" என்றார். சொல்லும்போது சிரித்த மாதிரி இருந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

அவர் எடுத்துக்கொண்ட விஷயம் படுக்கைப் புண். எழுந்திருக்க முடியாத நோயாளியை இரண்டு மணிக்கொரு தடவை ஒருக்களித்துத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பின் கனம் ஒரே இடத்தில் அழுத்தித் தோல் செத்துப்போகும். அதற்காகக் கட்டிலுக்கு ஒன்றாகச் சார்ட், மணி வாரியாகக் கட்டம் போட்ட தாள், நர்ஸின் மேஜையில் வைத்திருப்பார்கள். திருப்பிப் போட்டதும் அந்த நேரத்துக்கான கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். சிஸ்டர் பழைய சார்ட்டுகள் இருநூற்றுப் பன்னிரண்டைப் பார்த்திருந்தார். இருநூற்று மூன்றில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. அந்த இருநூற்று மூன்று பேரில் முப்பத்தொரு பேருக்குப் புண் வந்திருந்தது. தாளில் ஒரு குறையும் இல்லை, முதுகில் மட்டும் ஓட்டை. தாள் பொய் சொல்கிறதா, சொல்கிறதென்றால் ஏன் என்பதுதான் அவருடைய கேள்வி.

எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. அப்படி ஒரு கேள்வி என் மேஜைக்கு வருவது அபூர்வம். ஆவலோடு நான்காம் கேள்விக்குப் போனேன். விண்ணப்பத்தில் உயிர்நாடியே அதுதான், நூற்றுக்கு முப்பது மதிப்பெண். 'இந்த ஆய்வு உங்களுக்கு எவ்வாறு தோன்றியது? உங்கள் கருத்துக்கு அடிப்படை என்ன?' அதற்குக் கீழே ஒரு பக்கம் இடம் விட்டிருக்கும். சிஸ்டர் மூன்று சொல் எழுதியிருந்தார்: 'பணி அனுபவத்தின் மூலம்.'

அப்படியே வட்டம் போட்டேன். "போன வருஷம் என்ன எழுதினீங்க இதுக்கு?"

"இதேதான்."

"குழு என்ன சொல்லிச்சு?"

பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். பதிவுத் தாள்கள் உண்மைக்கு மாறாக இருக்கலாம் என்று விண்ணப்பதாரர் கருதுவதற்கு அடிப்படை காட்டப்படவில்லை, எனவே பரிந்துரைக்க இயலவில்லை.

"தெளிவாவே சொல்லியிருக்காங்களே சிஸ்டர். அப்புறமும் அதையே எழுதினா என்ன அர்த்தம்? எந்த அனுபவம், என்னைக்கு, யாருக்கு நடந்தது? அதை எழுதுங்க."

அவர் தாள்களை அடுக்கிக்கொண்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பெருமை யாரை விட்டது. எங்கள் வீட்டிலும் சார்ட் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாகப் படுக்கையில் இருக்கும் என் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். பகலில் என் மனைவி பொறுப்பு, சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஆறுவரை நான். சுவரில் சார்ட் மாட்டி, ஒரு கட்டம் விடாமல் நிரப்பிவிடுவேன் என்றேன்.

"ராத்திரி ரெண்டு மணிக் கட்டமுமா சார்?"

"எல்லாந்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பை எடுத்தேன்.

அவர் கிளம்ப எழுந்தார். பிறகு, "முதுகுக்குக் கீழ வால் எலும்பு இருக்குல்ல, அங்க சிவப்பா இருந்தா கட்டைவிரலால அழுத்திப் பாருங்க. அழுத்தின இடம் வெளுத்துட்டு மறுபடி சிவந்தா பயமில்ல. வெளுக்காம அப்படியே சிவப்பா நின்னா, உள்ள ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம்" என்றார். நான் தலையாட்டினேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

இரண்டு வாரம் கழித்து வந்த விண்ணப்பத்தைப் பார்த்து எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவருடைய கைடு நல்ல மனுஷி, ஆனால் ஒரே நேரத்தில் பதினோரு பேருக்கு வழிகாட்டுகிறவர். நான்காம் கேள்விக்குக் கனமாக ஏதாவது போடு என்று சொல்லியிருக்கிறார். சிஸ்டரும் போட்டிருந்தார். உலக நாடுகளின் புள்ளிவிவரம், இருபத்தேழு மேற்கோள், 'பன்முகப் பரிமாணம்', 'முழுமையான அணுகுமுறை'. முதல் வரி, "இன்றைய நவீன உலகில்".

"சிஸ்டர், நீங்களுமா?"

"மேடம் சொன்னாங்க சார்."

"இதுல உங்க வார்டு எங்க? அந்த இருநூத்துச் சொச்சம் சார்ட் எங்க? எல்லாத்தையும் பூசி மெழுகிட்டீங்க. முதல்ல எழுதின மூணு வார்த்தையே தேவலாம், அதுல பொய்யாவது இல்ல."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். சிஸ்டரின் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. டீ குடிக்கிற நேரம்தான், வாங்க என்று வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வராந்தாக் கோடியில் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவர் டீயைக் குடிக்காமல் ஓரமாக வைத்தார். பிறகு, தினசரி வார்டு ரிப்போர்ட் படிக்கிற குரலிலேயே சொன்னார்.

"பன்னெண்டு வருஷம் முன்னாடி. மத்தியானம் ரெண்டு மணிலேருந்து ஒன்பது மணி டியூட்டி. முப்பத்தெட்டு பேஷண்ட், நாங்க ரெண்டு பேர். பதினேழாம் பெட்ல ஒருத்தர், அம்பது வயசிருக்கும், ஸ்ட்ரோக். அவர் சம்சாரம் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருப்பாங்க, எழுந்து வெளிய போய் ஒரு டீ குடிச்சுக்கூட நான் பார்த்ததில்ல. ரெண்டு, நாலு, ஆறு, எட்டு மணிக்கு அவரைத் திருப்பணும். நான் ஒரு தடவைகூடத் திருப்பல. எட்டே முக்காலுக்கு சார்ட்ட எடுத்து நாலு கட்டத்துலயும் ஒரே மூச்சுல டிக் அடிச்சேன். அன்னைக்கு மட்டுமில்ல. அந்த வாரம் பூரா. எல்லாரும் அப்படித்தான் சார் பண்ணுவோம். கட்டம் காலியா இருந்தாதான் மேல இருக்கிறவங்க கேப்பாங்க. நிரம்பியிருந்தா யாரும் கேக்கமாட்டாங்க."

"அப்புறம்?"

"நாலாம் நாள் உடம்பு துடைக்கிறப்போ பார்த்தேன், வால் எலும்புல கறுத்திருந்துச்சு. அந்தம்மா கேட்டாங்க, 'நீங்க திருப்பிப் போட்டீங்கல்ல சிஸ்டர்?'னு. 'போட்டேம்மா'ன்னேன். சார்ட்டைக் கூடக் காட்டினேன்."

ஆறிப்போன டீயை வராந்தாவுக்கு வெளியே கொட்டினார்.

"அஞ்சு மாசம் இருந்தார். அந்தப் புண் கடைசிவரைக்கும் மூடவே இல்ல. அவர் போனப்புறம் அந்தம்மா வார்டுக்கு வந்து, நல்லா பாத்துக்கிட்டீங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு நன்றி சொல்லிட்டுப் போனாங்க. என் பணி அனுபவம் இதுதான் சார்."

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போலிருந்தது. ஆனாலும் நான் விண்ணப்பம் பார்க்கிறவன். இதுதான் பதில் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. "இதை எழுதுங்க சிஸ்டர்" என்றேன், என்னவோ கடைக்குப் போய் ஒரு சோப்பு வாங்கி வாருங்கள் என்பதுபோல.

"எழுதினா ஆஸ்பத்திரிக்குத் தெரியும். மெமோ வரும். வேலைகூடப் போகலாம்."

"எழுதலைன்னா உதவித்தொகை வராது."

"நீங்க எழுதுவீங்களா சார்?" என்று கேட்டார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் டீக் கோப்பையைக் கழுவுகிற சாக்கில் எழுந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, சுவரில் இருந்த சார்ட்டுக்கு முன்னால் போய் நின்றேன். என் கட்டங்கள் ஒரு நாளைக்கு ஆறு. எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு. ஒன்றரை மாதத்து டிக்குகள் வரிசையாக, அழகாக இருந்தன. தினமும் காலையில் காப்பியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, பேனாவை எடுக்காமல் ஆறையும் அடித்தது நான்தான். படுக்கப் போகும்போது பத்து மணிக்கு ஒரு தடவை, எழுந்ததும் ஒரு தடவை திருப்புவேன். நடுவில் நான் எழுந்ததே கிடையாது.

அண்ணன் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். பேச்சு குழறும், ஆனால் கிண்டல் மட்டும் குறையவில்லை. அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.

"டேய், ரிவர்ஸ் எடுக்கறியா? பின்னாடி பார்த்து எடு" என்றார்.

வால் எலும்புக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். எடுத்தேன். வெளுக்கவில்லை. நம்ப மாட்டாமல் இன்னொரு தடவை அழுத்தினேன். சிவப்பு அப்படியே நின்றது.  என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர். முதல் சம்பளத்தில் எனக்குப் பேனா வாங்கித் தந்தவர். என் மனைவி அடுப்படியிலிருந்து, "என்னங்க, ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றேன். சொன்ன பிறகுதான், சிஸ்டர் 'போட்டேம்மா' என்று சொன்னது இப்படித்தான் இருந்திருக்கும் என்று உறைத்தது.

மறுநாள் காலை சிஸ்டர் வரும்வரை காத்திருந்து, என் மேஜையோரமாக நிறுத்தி, இருந்ததை இருந்தபடி சொன்னேன். இருபத்தாறு வருடத்தில் அந்த மேஜைக்கு முன்னால் நான் தலைகுனிந்து நின்றது அன்றைக்குத்தான்.

அவர் திட்டவில்லை. "தோல் கிழிஞ்சிருக்கா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப இன்னும் நேரமிருக்கு. அந்த இடத்துல கனமே விழக்கூடாது. வலது பக்கம், இடது பக்கம், மாத்தி மாத்தி. முழங்காலுக்கு நடுவுல தலகாணி. தேய்க்காதீங்க, மருந்துங்கிற பேர்ல எதையும் தடவாதீங்க. இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க." அப்புறம் கேட்டார், "இன்னைக்குக் காலைலயும் டிக் அடிச்சீங்களா?"

"அடிச்சேன்" என்றேன். "சிவப்பைப் பார்த்தப்புறமும் அடிச்சேன் சிஸ்டர். கட்டம் காலியா இருந்தா வீட்ல கேப்பாளேன்னு."

சிஸ்டர் கைப்பையை என் மேஜையில் வைத்தார். "ஆஸ்பத்திரிலதான் மேல இருக்கிறவங்களுக்குப் பயந்து அடிக்கிறோம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். பிறகு என் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை இழுத்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் எழுதி நீட்டினார். மூலையில் தேதி, நேரம், சுருக்கொப்பம் எல்லாம் இருந்தன. நான் சிவப்புப் பேனாவைத் தொடவே இல்லை.

படித்து முடித்ததும் பாழாய்ப்போன என் புத்தி சரிபார்ப்புப் பட்டியலுக்குப் போயிற்று. இணைப்பு பதினொன்று: ஒரு குறிப்பிட்ட நோயாளியின் விவரத்தை விண்ணப்பத்தில் பயன்படுத்தினால், அவருடைய அல்லது அவர் குடும்பத்தினரின் சம்மதக் கடிதம் வேண்டும். பேர் இல்லாவிட்டாலும் வேண்டும். இல்லாத விண்ணப்பத்தை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன், ஒன்றல்ல, பல. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லாமல் விட்டதன் பலனை முந்தின நாள்தான் கட்டைவிரலால் தொட்டிருந்தேன்.

"சிஸ்டர், அந்தம்மாவோட கையெழுத்து வேணும்."

அவர் முகம் வெளிறிப்போயிற்று. மெமோவுக்குக்கூட அவர் இப்படிப் பயப்படவில்லை. கடைசித் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. இரண்டு நாள் அவர் பிரிவுப் பக்கமே வரவில்லை. சரி, அவ்வளவுதான், வார்டுக்குத் திரும்பப் போகிறார் என்று முடிவுகட்டிவிட்டேன். என் மேல் எனக்கே கோபமாக வந்தது. விண்ணப்பம் நன்றாக வர வேண்டும் என்று ஒரு பொம்பளையை எங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டேன் என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் வந்தார். கையில் சம்மதப் படிவம். நடந்ததை அவர் சொல்லக் கேட்டது இது.

அந்த அம்மாள் இப்போது நகரத்தின் மறுகோடியில் ஒரு நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறார். சிஸ்டரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, ஸ்டூலைத் தூசி தட்டிப் போட்டு உட்காரச் சொல்லியிருக்கிறார். சிஸ்டர் உட்காரவில்லை. நின்றபடியே, நான்கு கட்டம், ஒரு தடவைகூடத் திருப்பாதது, கேட்டபோது போட்டேன் என்று சொன்னது, சார்ட்டைக் காட்டியது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார்.  நடுவில் அடையாள அட்டை நகல் எடுக்க ஒருவர் வந்தார். எடுத்துக் கொடுத்து, சில்லறை கொடுத்து அனுப்பிவிட்டு, படிவத்தை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். கையெழுத்துப் போட்டார். படிவத்தின் அடியில், 'உங்களுக்குக் கேள்விகள் இருந்தால் எழுதவும்' என்று ஒரு வரி உண்டு. யாரும் அதில் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. அந்த அம்மாள் எழுதினார். தனக்கென்று ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அசலைச் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

சிஸ்டர் படிவத்தை என் முன்னால் வைத்தார். வரி வரியாக அழுத்தி எழுதிய எழுத்து.

'திருப்பவில்லை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் நானே திருப்பியிருப்பேனே. நான் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்?'

நான் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டேன். சிஸ்டர் அழுதார். சத்தமில்லாமல், கைக்குட்டையை எடுக்காமல் அழுதார். பத்தொன்பது வருடம் மற்றவர்கள் அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற மனுஷிக்குத் தான் அழும்போது என்ன செய்வதென்று தெரியவில்லை.

மிச்சமிருந்த மூன்று நாளில் விண்ணப்பமே மாறிப்போயிற்று. தாள் ஏன் பொய் சொல்கிறது என்பதோடு இன்னொரு கேள்வி சேர்ந்தது: தாள் உண்மையைச் சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்? 'செய்தேன்' என்பதற்கு ஒரு குறி இருப்பதுபோல 'செய்யவில்லை' என்பதற்கும் ஒரு குறி வைத்து, அதற்காக யாரையும் தண்டிக்காமல், தாளை நர்ஸின் மேஜையிலிருந்து எடுத்து உறவினரின் கண்ணுக்கு நேரே மாட்டினால் புண் குறைகிறதா என்று பார்க்கப்போவதாக எழுதினார். மேற்கோள்கள் இருபத்தேழிலிருந்து ஒன்பதாயின. நான்காம் கேள்விக்கான பதில் இப்படித் தொடங்கியது: 'பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், பதினேழாம் படுக்கையில் இருந்தவரை ஒரே பணிநேரத்தில் நான்கு முறை திருப்பிப் படுக்க வைத்ததாகப் பதிந்தேன். ஒரு முறைகூடச் செய்யவில்லை.'

கைடு படித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இதுல கையெழுத்துப் போட்டா உனக்கு நானே குழி வெட்டின மாதிரி ஆகிடும்மா."

"பரவால்ல மேடம், போடுங்க. ஆஸ்பத்திரிக்கும் ஒரு பிரதி நானே இன்னைக்கு அனுப்பறேன். அவங்களா கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நானே சொன்னதா இருக்கட்டும்."

நேர்காணலில் குழு கேட்டது ஒரே கேள்விதானாம். மற்ற நர்ஸுகள் உங்களிடம் உண்மையைச் சொல்வார்கள் என்பதற்கு என்ன நிச்சயம்? சிஸ்டர், "நான் செஞ்சதை முதல்ல அவங்ககிட்ட சொல்லுவேன். அதுக்கு மேல என்கிட்ட நிச்சயம் எதுவும் இல்ல" என்றாராம்.

நான்கு மாதம் கழித்து ஒரே வாரத்தில் இரண்டு கடிதம் வந்தன. உதவித்தொகை கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரி அவரைக் கண்டித்து, பதவி உயர்வை மூன்று வருடம் தள்ளிப்போட்டிருந்தது.  அவர் இரண்டையும் படித்து, இரண்டிலும் வந்து சேர்ந்த தேதியை எழுதி, ஒரே கோப்பில் வைத்தார். நகல் கடைக்குத் தகவல் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார்.

ஆய்வின் முன்னோட்டத்துக்கு அச்சடித்த சார்ட்டில் முதல் தாளை என்னிடம்தான் கொடுத்தார். அண்ணனுக்குச் சிவப்பு மறைய மூன்று வாரம் ஆகியிருந்தது, புண்ணாகாமல் தப்பியது. அந்த மூன்று வாரமும் கடிகாரத்தில் அலாரம் வைத்து எழுந்தேன். காரணம் கேட்ட மனைவியிடம் டாக்டர் சொன்னார் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அப்புறம் பழையபடி அசதி வந்தது. புதுத் தாளை மாட்டியபின் ஒருநாள் அலாரம் அடித்ததுகூடத் தெரியாமல் தூங்கிவிட்டேன்.

அன்று காலை காப்பியோடு புதுத் தாளுக்கு முன்னால் நின்றேன். பன்னிரண்டு, இரண்டு, நாலு. கை தானாக டிக் அடிக்கப் போயிற்று. நிறுத்தி, மூன்று கட்டத்திலும் 'செய்யவில்லை' என்பதற்கான பெருக்கல் குறி போட்டு, அடியில் கையெழுத்துப் போட்டேன். என் மனைவி பின்னால் வந்து நின்றது தெரிந்தது. என்ன கேட்பாளோ என்று காதெல்லாம் சூடாகிவிட்டது.

அவள் தாளைப் படித்தாள். "பழைய தாள்ல இப்படி ஒண்ணுமே இல்லியே" என்றாள்.

"பழைய தாள் பொய்" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை நான் இன்னும் மறக்கவில்லை. புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அண்ணனின் கட்டிலுக்குப் போனாள். "மச்சான், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பலாமா?" என்றாள். நான் போய் மறுபக்கம் பிடித்துக்கொண்டேன்.

"என்னடா, இன்னைக்கு கண்டக்டரும் வந்தாச்சா?" என்றார் அண்ணன். "ரைட், போலாம்."

முதுகைப் பார்த்தோம். சிவப்பு எதுவும் இல்லை. அவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டு போய், ராத்திரி இரண்டு மணிக் கட்டத்துக்கு மேலே சின்ன எழுத்தில், இனிமேல் இது என்னுடையது என்று எழுதினாள்.